முனைவர் பட்டப் பாண்டு: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் தொடக்கக் கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்த கையோடு சிங்கப்பூரில் உபகாரச் சம்பள நேர்முகத் தேர்வுகளின் பருவம் தொடங்கிவிடுகிறது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் அந்தப் பிள்ளையை நினைத்துப் பூரித்துப்போயிருக்கும் பெற்றோரும் விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானது. அதன் நடுவே ஒரு நாள் ஒரு பத்திரம் மேசைக்கு வரும். படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்கும். படித்து முடித்தபின் இத்தனை ஆண்டுகள் அரசாங்கத்துக்கோ அது கைகாட்டும் ஆய்வுக்கழகத்துக்கோ வேலை செய்ய வேண்டும். பேச்சுவழக்கில் ‘பாண்டு’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

இளநிலைப் பட்டத்துக்கான பாண்டு நம் குடும்பங்களுக்குப் பழகிய சங்கதி. சொந்தத்தில் யாராவது ஒருவர் அப்படிப் படித்து ஆசிரியராகவோ, ராணுவ அதிகாரியாகவோ, அமைச்சு ஒன்றில் அதிகாரியாகவோ ஆகியிருப்பார். முனைவர் பட்டத்துக்கான பாண்டு அப்படியல்ல. அது கேட்பது நீண்ட காலத்தை. அதுவும் ஒருவருடைய அறிவு எந்தத் திசையில் போகும் என்று அவருக்கே தெரியாத காலத்தை. பணமே கிடைக்காவிட்டாலும் அந்த வேலைக்கு விரும்பிப் போவேன் என்று மனதாரச் சொல்லக்கூடியவர் மட்டுமே இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அப்படிச் சொல்லும் பக்குவம் வரும் வயதுவரை அந்தக் கையெழுத்தைக் கேட்காமல் இருப்பது அரசாங்கத்தின் கடமை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் நியாயம் பிடிபடும் என்பது என் கருத்து.

பத்திரத்தில் என்ன இருக்கிறது?

பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளங்களுக்கு ஒரு தெளிவான கணக்கு உண்டு. உள்நாட்டில் படித்தால் 4 ஆண்டு சேவை. ஆங்கிலம் பேசாத வெளிநாட்டில் படித்தால் 5 ஆண்டு. ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் 6 ஆண்டு. அறிவியல் ஆய்வுக்கென முனைவர் பட்டம் வரை உதவி தருவது அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார். அதன் உபகாரச் சம்பளங்களில் வகைக்கு ஏற்பப் பாண்டுக் காலமும் மாறும். எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: படித்து முடித்துத் திரும்பி வந்து, குறித்த காலம் வேலை செய்ய வேண்டும்.

வேலை செய்யாவிட்டால்? அரசாங்கம் செலவழித்த தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி என்றால் ஆண்டுக்கு 10 விழுக்காடு, அதுவும் கூட்டுவட்டி. இந்தக் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. இன்று உங்களுக்காகச் செலவழிக்கப்படும் 100,000 வெள்ளி, பத்தாண்டு கழித்து ஏறக்குறைய 259,000 வெள்ளியாக நிற்கும். முனைவர் பட்டத்துக்குப் போகிறவரின் கணக்கு ஒரு தவணையோடு முடிவதில்லை. கல்லூரிக் கட்டணம், தங்குமிடம், மாதப்படி, விமானச் சீட்டு என்று ஆண்டுக்கு ஆண்டு செலவு ஏறிக்கொண்டே போகும். ஏறிய ஒவ்வொரு தொகைக்கும் வட்டி அன்றே ஓடத் தொடங்கும். பட்டம் பெறும் நாளில் பாண்டை முறித்துக்கொள்ள நினைப்பவரின் முன் நிற்கும் எண், சாதாரணக் குடும்பம் ஒன்று வீட்டை விற்றாலும் எட்ட முடியாத எண்ணாக இருக்கலாம்.

பத்திரத்தில் பிள்ளையின் கையெழுத்து மட்டும் போதாது. உத்தரவாதம் தருகிறவர்களும் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அப்பா கையெழுத்திடுவார். இன்னொருவராக மாமாவோ சித்தப்பாவோ வந்து கையெழுத்திடுவார். பிள்ளை பணம் கட்டத் தவறினால் அந்தப் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். “நம்ம பிள்ளைதானே, என்ன ஆகிவிடப் போகிறது” என்று பாசத்தில் போடப்படும் கையெழுத்து அது. சட்டம் பாசத்தைப் பார்ப்பதில்லை, கையெழுத்தைத்தான் பார்க்கும். பிள்ளைக்குப் பத்தாண்டு கழித்து மனம் மாறினால், அந்த மனமாற்றத்தின் விலை மாமாவின் மத்திய வயதுச் சேமிப்பையும் தொடும். இதை அவரிடம் உட்காரவைத்து விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயம்

பாண்டு என்றாலே கொத்தடிமைத்தனம் என்று பேசுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. எண்ணெயோ கனிமமோ விளைநிலமோ இல்லாத தீவு இது. மனிதர்களின் படிப்பைத் தவிர முதலீடு செய்ய வேறு எதுவும் இல்லாத காலத்தில், கொழும்புத் திட்ட உதவியோடும் அரசாங்கப் பணத்தோடும் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்பி, பொறியாளராகவும் மருத்துவராகவும் நிர்வாகியாகவும் திரும்ப அழைத்துக்கொண்டது இந்த நாடு. அப்படிப் போனவர்களில் பலர் கடையில் வேலை பார்த்தவர்களின், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களின் பிள்ளைகள். பாண்டு என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழகமே கிடைத்திருக்காது. ஊரார் வரிப்பணத்தில் படித்தவர் ஊருக்குச் சில ஆண்டு உழைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆய்வுத்துறைக்கும் இதே தர்க்கம்தான் வந்தது. 1991ல் தொடங்கிய தேசிய அறிவியல், தொழில்நுட்ப வாரியம் பின்னர் ஏ-ஸ்டார் என்று பெயர் மாறியது. பொருளியல் வளர்ச்சிக் கழகத்தை நீண்ட காலம் வழிநடத்திய பிலிப் இயோ 2001 முதல் 2007 வரை அதன் தலைவராக இருந்தார். உயிர்மருத்துவத் துறையை நாட்டின் அடுத்த பொருளியல் தூணாக்குவது திட்டம். 2003ல் புவன விஸ்தாவில் பயோபோலிஸ் திறக்கப்பட்டது; 2008ல் பக்கத்திலேயே ஃபியூஷனோபோலிஸ் எழுந்தது. கட்டடம் கட்டிவிடலாம், உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகளைச் சம்பளம் கொடுத்து அழைத்துவிடலாம். ஆனால் அவர்கள் போனபின் ஆய்வுக்கூட விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டுமே. ஆயிரம் முனைவர்களை உருவாக்குவது என்று அன்று இலக்கு வைக்கப்பட்டது. உபகாரச் சம்பளமும் பாண்டும் அந்த இலக்குக்கான கருவிகள். அதன் பின் வந்த ஆய்வு, புத்தாக்கத் திட்டங்களில் அரசாங்கம் ஒதுக்கிய தொகையைப் பார்த்தாலே உறுதி தெரியும்: 2011 முதல் 2015 வரையிலான திட்டத்துக்கு 16.1 பில்லியன் வெள்ளி. அடுத்த ஐந்தாண்டுக்கு 19 பில்லியன். 2021ல் தொடங்கிய திட்டத்துக்கு 25 பில்லியன்.

ஆகவே, பாண்டை முறிப்பது வெறும் பணக்கணக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1998ல் பாண்டை முறித்தவர்களின் பெயரை வெளியிடுவோம் என்று பிலிப் இயோ அறிவித்தபோது நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. பணத்தைக் கட்டிவிட்டால் கடன் தீர்ந்தது, அதற்குமேல் அவமானப்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்றது ஒரு தரப்பு. கொடுத்த வாக்கை மீறுவது ஒழுக்கக்கேடு என்றது மற்றொரு தரப்பு. நாடாளுமன்றம் வரை போனது அந்த விவாதம். பெயரை ஊரறியச் சொல்லி வெட்கப்படுத்துவது சரியென்று நான் நினைக்கவில்லை. அது தண்டனைக்கு மேல் தண்டனை. ஆனால் வாக்கு வாக்குதான். அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்திருக்கலாம். அவர் திரும்பி வந்து உழைத்திருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

வாக்கு இவ்வளவு கனமானது என்றால், அதை வாங்குகிறவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். கனமான வாக்கைத் தாங்கும் தோள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். நம் ஏற்பாட்டின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

பதினெட்டு வயதில் முப்பத்தைந்துக்குக் கையெழுத்து

2001ல் தொடங்கிய ஏ-ஸ்டாரின் தேசிய அறிவியல் உபகாரச் சம்பளம், இளநிலையையும் முனைவர் பட்டத்தையும் ஒரே பாதையாகச் சேர்த்துக் கொடுத்தது. ஓர் ஆண்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தொடக்கக் கல்லூரி முடிக்கும்போது அவனுக்கு வயது 18. தேசிய சேவை முடியும்போது 20 தாண்டிவிடும். வெளிநாட்டில் இளநிலை மூன்று அல்லது நான்கு ஆண்டு, 24 ஆகிவிடும். முனைவர் பட்டத்துக்குப் போகுமுன் உள்ளூர் ஆய்வுக்கழகத்தில் ஓராண்டுப் பயிற்சி, 25. முனைவர் பட்டத்துக்கு நான்கோ ஐந்தோ ஆண்டு. 29 அல்லது 30. அதற்குப் பிறகுதான் பாண்டின் பெரும்பகுதி ஓடத் தொடங்கும். எல்லாம் முடிந்து சுதந்திர மனிதனாக மூச்சு விடும்போது அவன் முப்பதுகளின் நடுவில் இருப்பான். திருமணம், பிள்ளை, வயதான பெற்றோர், வீவக வீட்டுக் கடன் என்று வாழ்க்கையின் பெரிய முடிவுகள் யாவும் அந்தப் பத்திரத்தின் நிழலில்தான் எடுக்கப்பட்டிருக்கும்.

18 வயதில் உயிரியல் பிடித்திருப்பதற்கு நல்ல ஆசிரியர் காரணமாக இருக்கலாம்; ஒலிம்பியாட் பதக்கம் காரணமாக இருக்கலாம். ஆய்வு என்பது அதுவல்ல. பாடத்தில் விடை இருக்கும். ஆய்வில் பல மாதம் விடையே வராது. எலிக்கு ஊசி போட்டு, செல்லை வளர்த்து, அது செத்து, மறுபடி வளர்த்து, கடைசியில் கிடைத்த முடிவை வேறொரு நாட்டுக் குழு முந்திக்கொண்டு வெளியிட்டுவிட, முதலிலிருந்து தொடங்குவதுதான் அந்த வாழ்க்கை. அதைச் சகித்துக்கொள்ள மதிப்பெண் உதவாது. பிடிப்பு வேண்டும். அந்தப் பிடிப்பு தனக்கு இருக்கிறதா என்று ஓர் ஆய்வுக்கூடத்தில் முழுதாக ஓராண்டாவது இருந்து பார்க்காத எவருக்கும் தெரியாது.

2013ல் நடந்த ஒன்று பலருக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பி வந்து பாண்டில் இருந்த ஓர் இளம் விஞ்ஞானி, தன் மனம் ஆய்வுக்கூடத்தில் இல்லை, கலையில்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். முறித்துக்கொண்டு போகலாமென்றால் கட்ட வேண்டிய தொகை 700,000 வெள்ளிக்கு மேல். அதனால் வேலையில் இருந்துகொண்டே, தன் சம்பளத்திலிருந்து ஒரு தொகையைக் கலைஞர்களுக்கு நிதியாகக் கொடுக்கத் தொடங்கினார். அவரை நன்றியில்லாதவர் என்று ஏசியவர்களும் உண்டு. துணிச்சலைப் பாராட்டியவர்களும் உண்டு. எனக்குத் தோன்றியது வேறு. விருப்பமில்லாத ஒருவரை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்திருப்பதால் அவருக்கும் இழப்பு, ஆய்வுக்கும் இழப்பு, அந்த நாற்காலிக்காகக் காத்திருக்கும் இன்னொருவருக்கும் இழப்பு. யாருக்கு லாபம்?

அரசாங்கத்தின் மனமும் மாறும்

கையெழுத்திட்டவரின் மனம் மட்டும்தான் மாறும் என்றில்லை. பத்திரத்தின் மறுபக்கத்தில் இருப்பவரும் மாறுவார். 2010ல் ஆய்வுக்கொள்கையில் ஒரு திருப்பம் வந்தது. ஆய்வுக்கழகங்களின் நிதியில் ஒரு பகுதி, தொழில்துறைக்குப் பயன்படும் ஆய்வுகளுக்கென்று போட்டி முறைக்கு மாற்றப்பட்டது. பொருளியல் நோக்கில் அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அடிப்படை அறிவியலுக்காக வந்தவர்கள் தடுமாறினார்கள். புற்றுநோய் மரபியலில் பேர்போன நீல் கோப்லண்ட், நான்சி ஜென்கின்ஸ் இணையர் 2011ல் அமெரிக்காவின் ஹியூஸ்டனுக்குப் போய்விட்டார்கள். மரபணுத்தொகுதிக் கழகத்தைத் தொடங்கி நடத்திய எடிசன் லியு, அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராகப் போனார். அவர்களுக்குப் போவதற்கு வழி இருந்தது. அவர்களைப் போன்றோரிடம் வேலை கற்கலாம் என்ற நம்பிக்கையில் சில ஆண்டு முன்பு கையெழுத்திட்டிருந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

அமெரிக்காவிலும் இதற்கு அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. இணையப் பாதுகாப்பு படிக்க அங்கே ‘சைபர்கோர்’ என்று ஓர் உபகாரச் சம்பளம் உண்டு. எத்தனை ஆண்டு உதவி பெற்றார்களோ அத்தனை ஆண்டு அரசாங்க வேலை பார்க்க வேண்டும். பட்டம் பெற்ற 18 மாதத்துக்குள் அந்த வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும். தவறினால் உதவித்தொகை கடனாக மாறிவிடும். 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற கையோடு மத்திய அரசாங்க வேலைக்கு ஆளெடுப்பதை நிறுத்திவைத்தார். வேலை கொடுக்க வேண்டிய அரசாங்கமே கதவைச் சாத்தியது. வேலை செய்யத் தயாராக நின்ற மாணவர்களின் தலைக்குமேல் கடன் தொங்கியது. ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்ட ஒப்பந்தம் எப்படி முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அதே நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் ‘ஸ்மார்ட்’ உபகாரச் சம்பளத்தில் ஓர் ஆண்டு உதவிக்கு ஓர் ஆண்டு சேவை. எந்த ஆய்வுக்கூடம் தன்னை ஏற்கப்போகிறது என்பது மாணவருக்கு முதலிலேயே தெரியும். கோடை விடுமுறைகளில் அங்கேயே போய் வேலை பார்ப்பார். யாரிடம், எந்த ஊரில், என்ன வேலை என்று தெரிந்துகொண்டே படிக்கிறார். தெரியாத எதிர்காலத்துக்கும் தெரிந்த வேலைக்கும் உள்ள வித்தியாசம் அது.

பணத்துக்காகத் தேவையா?

நம் பெற்றோர் பலருக்கு ஒரு விஷயம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் பட்டம் என்பது பெரும்பாலும் நாம் பணம் கட்டிப் படிக்கும் படிப்பல்ல. நல்ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வைத்து மாதப்படியும் கொடுக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உபகாரச் சம்பளத்துக்குப் பாண்டு கிடையாது. வெளிநாட்டு மாணவர்களை இங்கே அழைத்துவர ஏ-ஸ்டாரும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கொடுக்கும் சிங்கா விருதுக்கும் பாண்டு கிடையாது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகள் சேவைக் கடப்பாடு எதுவும் இல்லாமல் பயோபோலிஸில் முனைவர் பட்டம் படிக்கலாம். அதே கட்டடத்தில், நம் வட்டாரத்துப் பிள்ளை பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆகும் செலவு அதிகம், அதனால் பாண்டு என்ற விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் முனைவர் பட்டத்துக்கு வேறு கதவுகளும் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டுதான் இந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

உண்மையில் இந்த உபகாரச் சம்பளத்தின் பெரும் பண மதிப்பு இளநிலைக் காலத்தில்தான் இருக்கிறது. லண்டனிலோ கலிஃபோர்னியாவிலோ வெளிநாட்டு மாணவராக இளநிலை படிக்க ஆகும் செலவை நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அந்தச் செலவுக்காக, அதைத் தொடர்ந்து வரும் முனைவர் பட்டத்தையும் பாண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இளநிலை மட்டும் வேண்டுமென்றால் அதற்குரிய உபகாரச் சம்பளத்தைத் தேடுங்கள். உள்ளூரில் படிக்கவும் தயங்காதீர்கள். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு, உலகின் எந்த மூலைக்கும் முனைவர் பட்டத்துக்குப் போகலாம்.

பிரிட்டனில் படிக்க விரும்புகிறவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே வெளிநாட்டவருக்கு நிதி கிடைப்பது அரிது. மானிடவியல், வரலாறு போன்ற துறைகளிலும் உதவி குறைவு. அங்கெல்லாம் பாண்டோடு வரும் பணம் உண்மையிலேயே வாழ்க்கையை மாற்றக்கூடும்.

யார் ‘சரி’ என்று சொல்லலாம்?

சிங்கப்பூரில்தான் வாழ விரும்புகிறேன், இந்த ஆய்வுக்கழகத்தில்தான் வேலை செய்ய ஆசை என்று தெளிவாகத் தெரிந்தவருக்குப் பாண்டு ஒரு சுமையே இல்லை. அது வேலை உத்தரவாதம். முனைவர் பட்டம் பெற்றவர்களில் பலர் ஆண்டுக் கணக்கில் தற்காலிக ஆய்வாளராகவே ஊர் ஊராக அலையும் காலம் இது. பட்டம் கையில் கிடைக்கும் நாளிலேயே வேலை காத்திருப்பது சின்ன விஷயமில்லை. வீட்டில் சேமிப்பில்லாத பிள்ளைக்கு, தம்பி தங்கைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பு உள்ள பிள்ளைக்கு, அந்த நிச்சயம் பெரிய பலம். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்து குழு அமைத்து, மாணவர்களை வளர்த்து, பாண்டு முடிந்தபின்னும் இங்கேயே இருப்பவர்களும் உண்டு. அவர்களை நாம் போதிய அளவு கொண்டாடுவதில்லை.

அரசாங்கத்துக்காக ஒன்றைத் துறப்பதும் பெரிய செயல்தான். முன்னாள் பிரதமர் லீ சியன் லூங் 1970களின் தொடக்கத்தில் ஆயுதப்படை உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். அங்கே அவருக்குக் கற்பித்த கணிதமேதை பேலா பொல்லோபாஷ், அவர் கணிதத்திலேயே நிலைத்திருந்தால் உலகத்தரத்து ஆய்வாளராகியிருப்பார் என்று பின்னாளில் சொன்னார். ஏன் கணிதத்தைத் தொடரவில்லை என்பதற்கான காரணத்தை லீ தம் கல்லூரி ஆசிரியருக்கு நீண்ட கடிதமாகவே எழுதினார். அவருடைய குடும்பப் பின்னணி வேறு, வாய்ப்புகள் வேறு. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கலாம். தான் எதை விட்டுவிட்டு வருகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணிதம் தனக்கு எவ்வளவு வரும் என்பதைப் பார்த்துவிட்டே அதை விட்டார். எதை இழக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கும் வாக்கு நிலைக்கும். தெரியாமல் கொடுக்கும் வாக்கு பிறகு கசக்கும்.

கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்

பத்திரம் மேசைக்கு வந்ததும் வாசிக்க நேரம் கேளுங்கள். அவசரப்படுத்தினால் அதையே காரணமாக வைத்துத் தள்ளிப்போடுங்கள். பாண்டு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும்? இடையில் செய்யும் ஓராண்டுப் பயிற்சி அதில் சேருமா? முனைவர் பட்டத்துக்குப்பின் வெளிநாட்டில் மேலும் ஈராண்டு ஆய்வு செய்ய விட்டால், அந்தக் காலம் பாண்டில் கழியுமா, தள்ளிப்போகுமா? ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது யார்? ஆய்வு நெறியாளர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? மதிப்பெண் ஒரு பருவம் சரிந்தால் உதவி நிற்குமா? நின்றால் அதுவரை ஆன செலவைக் கட்டச் சொல்வார்களா? நோய், மகப்பேறு, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள எடுக்கும் விடுப்பு ஆகியவை எப்படிக் கணக்கில் வரும்? நான் திரும்பும்போது என் துறை ஆய்வுக்கூடம் மூடப்பட்டிருந்தால் என்னை எங்கே வைப்பீர்கள்? இத்தனைக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன அதிகாரி, நீங்கள் படித்துவிட்டு வரும்போது அந்த இருக்கையில் இருக்கமாட்டார்.

பாண்டில் இப்போது இருப்பவர்களையும் முடித்தவர்களையும் தேடிப் பேசுங்கள். அறிமுக விழாவில் மேடையேற்றப்படும் மூவரோடு நிற்காதீர்கள். கடைசியாக, உத்தரவாதம் தரப்போகிற உறவினரிடம் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை

மாணவரிடம் பொறுப்பைக் கேட்கும் அரசாங்கத்திடம் நாமும் சிலவற்றைக் கேட்கலாம். இளநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எங்கும் தனித்தனிப் பத்திரமே இருக்கட்டும். இளநிலை முடித்து ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு வேலை பார்த்தபின், தொடரவோ விலகவோ மாணவருக்கு உரிமை வேண்டும். விலகினால் அதுவரையிலான படிப்புக்குரிய சேவையை வேறு அரசாங்கப் பணியில் செய்யட்டும். 10 விழுக்காட்டுக் கூட்டுவட்டி செலவை ஈடுகட்டும் அளவைத் தாண்டிப் பயமுறுத்தும் அளவுக்குப் போகிறது; அதை நியாயமான வட்டியாகக் குறைக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலோ, பொது மருத்துவமனையிலோ, பள்ளியிலோ, இங்குள்ள புதிய நிறுவனத்திலோ செய்யும் வேலையும் பாண்டுக்குக் கணக்காகும் என்பதை ஒப்பந்தத்திலேயே உரிமையாக எழுத வேண்டும். நாட்டுக்குத் தேவை அறிவு. அது எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். கொள்கை மாறி ஆய்வுத்துறையே கைவிடப்பட்டால், பாண்டும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். வயதான உறவினர்களின் உத்தரவாதத்தைக் கேட்கும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யலாம்.

இப்படிச் செய்தால் ஆட்கள் ஓடிப்போவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1952 முதல் எந்தச் சேவை நிபந்தனையும் இல்லாமல் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது. நல்ல ஆய்வுச் சூழல் இருக்கும் இடத்தில் விஞ்ஞானிகள் தாமாகவே தங்குவார்கள். பத்திரத்தால் உடலைத்தான் கட்டிவைக்கலாம். ஆய்வு செய்ய மனம் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உபகாரச் சம்பளம் வாங்கியதைச் சொந்தத்தில் சொல்லிப் பெருமைப்படுவது இயல்பு. அந்தப் பெருமைக்காகப் பிள்ளையைக் கையெழுத்திட வைக்காதீர்கள். ‘இந்தப் பணம் இல்லாவிட்டாலும் இந்த வேலைக்குப் போவாயா?’ என்று ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள். தயங்காமல் ‘போவேன்’ என்றால் வாழ்த்தி அனுப்புங்கள். கொடுத்த வாக்கைக் கடைசி நாள்வரை காப்பாற்றச் சொல்லுங்கள். தயங்கினால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன.